சவரன்: எடையாகிப் போன ஒரு நாணயம்

"தங்கம் இன்று சவரன் என்ன விலை?" இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் அரிது. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் மாதாமாதம் நகைச்சீட்டுக் கட்டும் தொழிலாளி, ஒரகடம் தொழிற்பேட்டையில் முதல் சம்பளம் வாங்கியதும் அம்மாவுக்குத் தோடு வாங்க நினைக்கும் இளைஞர், மகளின் திருமணத்துக்குக் கணக்குப் போடும் பெற்றோர், எல்லோருமே சவரனில்தான் பேசுகிறார்கள். சவரன் என்றால் என்ன என்று கேட்டால், 8 கிராம் என்று உடனே விடை கிடைக்கும்.

ஆனால் ஏன் 8 கிராம்? நம் நாட்டில் மெட்ரிக் அளவை முறைக்கான சட்டம் 1956 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பத்தும் நூறும் ஆயிரமுமாக எண்ணும் அந்த முறையில் 8 என்ற எண்ணுக்குத் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லையே! இந்தக் கேள்வியை நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

விடை இதுதான்: சவரன் என்பது தொடக்கத்தில் ஓர் எடை அன்று, ஒரு நாணயம். பிரிட்டிஷ் அரசு அச்சிட்ட 'சாவரின்' என்ற தங்க நாணயத்தின் பெயரே தமிழர் வாயில் சவரன் ஆயிற்று. அந்த நாணயத்தின் மதிப்பு ஒரு பவுண்டு. ஆகவே 'பவுன்' என்ற பெயரும் வந்தது. நாணயம் வழக்கொழிந்து போயிற்று. அதன் எடை மட்டும் நம் நகைக்கடைத் தராசில் இன்றும் இருக்கிறது. அந்த நாணயத்தின் கதையையும், அது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அதை எப்படிப் படித்தறிவது என்பதையும் இனிக் காண்போம்.

வராகனின் காலம்

ஆங்கிலேயர் வந்தபோது தென்னாட்டில் தங்க நாணயத்துக்குப் பஞ்சம் இல்லை. விசயநகர மரபில் வந்த வராகன் எங்கும் புழங்கிற்று. 1639 ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் பெற்றபோது, நாணயம் அச்சிடும் உரிமையையும் சேர்த்தே பெற்றது. கம்பெனி அச்சிட்டதும் இங்கிலாந்து நாணயத்தை அன்று. நம்மவர் நம்பி வாங்கிய வராகனைத்தான். ஒரு பக்கம் திருமாலின் உருவமும் மறுபக்கம் ஒரு நட்சத்திரமும் கொண்ட அந்தக் காசை 'நட்சத்திர வராகன்' என்பர்.

1763 ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் அச்சீமையைச் சேர்ந்தது. கம்பெனியின் வரிக் கணக்குகள் அப்போது வராகன், பணம், காசு என்றே எழுதப்பட்டன. ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. அப்படியானால் ஒரு வராகனுக்கு 3,360 காசு! 1818 இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க் கணக்குக்கு மாறிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதம் வைத்தார்கள். வராகன் மெல்ல மெல்லப் புழக்கத்திலிருந்து மறைந்தது. பின்னால் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் பவுன்.

கினியிலிருந்து சவரனுக்கு

இங்கிலாந்தில் சாவரின் என்ற பெயரில் முதல் தங்க நாணயம் ஏழாம் ஹென்றி காலத்தில், 1489 இல் வந்தது. மன்னர் அரியணையில் அமர்ந்த உருவம் அதில் இருந்தது. 'சாவரின்' என்றால் இறையாண்மை உடையவர், அதாவது மன்னர் என்று பொருள்.

1663 முதல் 1814 வரை 'கினி' என்ற நாணயம் அச்சிடப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து வந்த தங்கத்தால் அப்பெயர் பெற்றது. வங்காளத்தில் 22 காரட் தங்கத்தை இன்றும் 'கினி சோனா' என்பார்கள். ஒரு கினிக்கு 21 ஷில்லிங் என்று மதிப்பு நிலைப்பட்டது 1717 இல். அதற்கு வழிவகுத்தவர் அப்போது நாணயச்சாலையின் தலைவராக இருந்த ஐசக் நியூட்டன்! புவியீர்ப்பு விதி கண்ட அதே நியூட்டன்தான்.

1816 இல் வந்த நாணயச் சட்டத்தின்படி, 20 ஷில்லிங் மதிப்புள்ள புதிய சாவரின் 1817 இல் வெளியாயிற்று. குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜின் உருவத்தை அதற்குச் செதுக்கியவர் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியக் கலைஞர். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த உருவம் சாவரினில் இடம்பெறுகிறது.

இந்த நாணயத்தின் அளவுகளை நினைவில் வையுங்கள். எடை 7.988 கிராம். விட்டம் 22.05 மி.மீ. தடிப்பு 1.52 மி.மீ. பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம். மிச்சம் ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. பதினொன்றைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: 0.9166 வரும். நகையின் மேல் '916' என்று முத்திரையிடுகிறார்களே, அந்த எண் இதுதான். சுத்தத் தங்கம் மிக மென்மையானது. கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்துவிடும். செம்பு சேர்த்தால் உறுதி பெறும். ஆக, ஒரு சாவரினில் உள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம்தான். 7.988 என்பதை மெட்ரிக் கணக்கில் முழு எண்ணாக்கியதே நம் 8 கிராம். ஒரு சவரனுக்கு வேறுபாடு 0.012 கிராம், நூறு சவரனுக்கும் சேர்த்து ஒன்றேகால் கிராமுக்குச் சற்றுக் குறைவு.

ரூபாயும் பவுனும்

1893 இல் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை நிறுத்தின. 1899 இல் சாவரின் இந்தியாவில் சட்டப்படி செல்லும் நாணயமாக அறிவிக்கப்பட்டது. அதன் மதிப்பு 15 ரூபாய். ஏன் 15? ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்; ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்; ஆகவே 240 பென்ஸ். ஒரு ரூபாயின் மாற்று விகிதம் 16 பென்ஸ். 240 ஐ 16 ஆல் வகுத்தால் 15.

ஆஸ்திரேலியாவில் அச்சான சாவரின்கள் கப்பலேறி இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தன. வந்தவை எல்லாம் கடைகளில் புழங்கவில்லை. பெரும்பகுதி பெட்டிக்குள் போயிற்று. நம்மவர் அதைச் செலவழிக்கும் காசாகக் கருதவில்லை, சேமிக்கும் தங்கமாகக் கருதினர். காரணம் எளிது. எடையும் மாற்றும் ஒவ்வொரு காசிலும் ஒரே மாதிரி இருந்தன. உரைகல் இல்லாமலே, எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் அதை நம்பி வாங்கலாம். நகை செய்ய ஆசாரியிடம் கொடுக்கும்போது "இத்தனை பவுன் கொடுத்தேன்" என்று எண்ணிச் சொல்லலாம். நாணயத்தின் எண்ணிக்கை நகையின் எடையாக மாறியது இப்படித்தான்.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 1880 முதல் கோலாரில் ஆங்கிலேய நிறுவனம் ஒன்று நவீன முறையில் தங்கச் சுரங்கம் நடத்திற்று. அச்சுரங்கங்களின் ஆழத்தில் பாறை உடைத்தவர்களில் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர் ஏராளம். முதல் உலகப் போருக்கு முன் அத்தங்கம் லண்டனுக்குச் சென்று சுத்திகரிக்கப்பட்டது. உருக்கிய தங்கத்துக்கு ஊர்ப்பெயர் கிடையாது. எனினும், தமிழர் தோண்டிய தங்கத்தில் ஒரு துளியேனும் மன்னர் தலை சுமந்து தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்திருக்கலாம் அல்லவா?

பம்பாயின் சாவரின்

போர் தொடங்கியதும் கடல்வழித் தங்கப் போக்குவரத்து ஆபத்தாயிற்று. 1917 இல், இறக்குமதியாகும் தங்கத்தை அரசு தானே வாங்கிக் கொள்ள ஆணையிட்டது. அத்தங்கத்தை நாணயமாக்க, லண்டன் அரச நாணயச்சாலையின் கிளை ஒன்று 1918 ஆகஸ்டில் பம்பாயில் திறக்கப்பட்டது. சாவரின் அச்சுகள் வந்து சேரும் வரை காத்திராமல், அதே எடையும் அதே மாற்றும் கொண்ட '15 ரூபாய்' தங்க மொகரா 21 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. பிறகு சுமார் 13 லட்சம் சாவரின்கள் வெளிவந்தன. 1919 ஏப்ரலில் கிளை மூடப்பட்டது. பம்பாய் சாவரின் அனைத்தும் 1918 என்ற ஒரே ஆண்டைத் தாங்கியவை.

போருக்குப் பின் மாற்று விகிதம் தடுமாறிற்று. 1920 இல் ரூபாய்க்கு 24 பென்ஸ் என்று வைத்தார்கள்; ஆகவே சாவரினுக்கு 10 ரூபாய். 1927 இல் 18 பென்ஸ் என்றானது; 240 ஐ 18 ஆல் வகுத்தால் 13 ரூபாய் 5 அணா 4 பை. அந்த ஆண்டே சாவரின் இந்தியாவில் செல்லும் நாணயம் என்ற தகுதியை இழந்தது. குறிப்பிட்ட அந்த விலைக்கு அரசு அதைத் தங்கமாக மட்டுமே பெற்றுக் கொண்டது.

எங்கே போயின?

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டது. தங்கத்தின் ரூபாய் விலை ஏறிற்று. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலையோ விழுந்து கிடந்தது. வரிக்கும் கடனுக்கும் வழியின்றி உழவர்கள் பெட்டியில் இருந்த தங்கத்தை விற்றனர். நாடெங்கிலும் இருந்து கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள தங்கம் கப்பலேறிப் போயிற்று. பொருளாதார வரலாற்றில் இதற்குத் 'துயர்க்காலத் தங்கம்' என்றே பெயர். வீட்டில் தங்கிய பவுன்களும் தலைமுறைக்கு ஒருமுறை வளையலாக, சங்கிலியாக, தாலிக்கொடியாக உருகின. சில காசுமாலையில் கோக்கப்பட்டு உருவம் கெடாமல் பிழைத்தன.

இன்றும் அந்த உருக்கம் நிற்கவில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வயல்கள் தொழிற்பேட்டைகளாயின. இருங்காட்டுக்கோட்டையில் 1998 இலும், ஒரகடத்தில் 2010 இலும் கார் உற்பத்தி தொடங்கியது. பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டும் காலத்தில் பழைய நகைகளும் புதிதாக மாறுவது இயல்பு. பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த பவுன், பழைய தங்கம் என்ற பெயரில் தராசில் ஏறும். தராசு எடையை மட்டுமே சொல்லும். ஆண்டையும் ஊரையும் சொல்லாது. உருக்குக் குகையிலிருந்து தங்கம் ஒரு மில்லிகிராம் குறையாமல் வந்தாலும் வரலாறு திரும்பி வராது. ஆகவே கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நாணயத்தைப் படிப்பது எப்படி?

முதலில் தலையைப் பாருங்கள். விக்டோரியா அரசியின் உருவம் மூன்று வகை: 1887 வரை இளமை முகம், 1887 முதல் 1893 வரை சிறிய மகுடம் தரித்த முகம், 1893 முதல் 1901 வரை முக்காடிட்ட முதிய முகம். அடுத்து 1902 முதல் 1910 வரை தாடியுடன் ஏழாம் எட்வர்டு. 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ்.

பிறகு நாணயச்சாலைக் குறியைத் தேடுங்கள். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். 1887 க்குப் பிந்தைய காசுகளில், குதிரையின் அடியில் உள்ள தரைக்கோட்டின் நடுவில், ஆண்டுக்கு மேலே ஒரு சிறிய ஆங்கில எழுத்து இருக்கும். 'எஸ்' என்றால் சிட்னி, 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த், 'சி' கனடாவின் ஒட்டாவா, 'எஸ்.ஏ.' தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. 'ஐ' என்றால் நம் பம்பாய். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன். இளமை முகக் காசுகளில் அவ்வெழுத்து அரசியின் கழுத்துக்குக் கீழோ, கேடயத்தின் கீழோ இருக்கும்.

'ஐ' எழுத்துடன் 2013 போன்ற அண்மை ஆண்டைக் கண்டால் ஐயுற வேண்டாம். அரச நாணயச்சாலையின் உரிமத்தோடு அரியானாவில் உள்ள எம்.எம்.டி.சி.-பாம்ப் ஆலையில் சாவரின் மீண்டும் இந்தியாவில் அச்சாகத் தொடங்கிற்று.

அளந்து பாருங்கள்

நீங்கள் தொழிற்பேட்டையில் பயிற்சியாளராகவோ தொழிற்பயிற்சி நிலைய மாணவராகவோ இருந்தால் வெர்னியர் உங்கள் கைக்குப் பழகிய கருவி. நாணயம் கீறாதபடி மெல்லிய தாளை இடையில் வைத்து விட்டத்தை அளக்கலாம். தாளின் தடிப்பைக் கழித்துக்கொள்ள மறவாதீர்கள். எடை 7.988 கிராமுக்குச் சற்றுக் குறைந்தால் கலங்க வேண்டாம். புழங்கித் தேய்ந்த காசு 7.938 கிராம் வரை குறைந்தாலும் செல்லும் என்பதே பழைய சட்டம்.

இனி ஆர்க்கிமிடீஸின் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, அளவைச் சுழியாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு சுமார் 0.45 கிராம் காட்ட வேண்டும். அது நாணயம் விலக்கிய நீரின் எடை. 7.99 ஐ 0.45 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17.8 வரும். செம்பு கலந்த 22 காரட் தங்கத்தின் அடர்த்தி சுமார் 17.6. அதே உருவத்தில் பித்தளைக் காசு ஒன்று செய்தால் அதன் எடை 4 கிராமைக் கூட எட்டாது. எடையைச் சரிக்கட்டினால் அளவு இரு மடங்காகிவிடும். எடையும் அளவும் ஒருங்கே பொருந்துவது பித்தளைக்கு இயலாத காரியம்.

ஆனால் இச்சோதனைக்கும் எல்லை உண்டு. 1950களில் மத்திய கிழக்கிலும் இத்தாலியிலும் உண்மையான தங்கத்திலேயே போலி சாவரின்கள் செய்தார்கள். அவற்றை ஒடுக்குவதும் 1957 இல் லண்டனில் சாவரின் அச்சிடல் மீண்டும் தொடங்கக் காரணமாயிற்று. அத்தகைய போலிகளை எழுத்தின் கூர்மை, விளிம்புக் கோடுகள், உருவத்தின் நுட்பம் ஆகியவற்றைக் கொண்டு வல்லுநரே கண்டறிவர்.

சேகரிப்போர் அறிய வேண்டியவை

பழையது எல்லாம் விலைமிக்கது அன்று. கோடிக்கணக்கில் அச்சான ஆண்டுகளின் சாவரினுக்குத் தங்கத்தின் விலையோடு சிறிதே கூடுதல் கிடைக்கும். அரிய ஆண்டும் அரிய குறியும் தேயாத நிலையும் சேர்ந்தால்தான் மதிப்பு உயரும். கம்பெனி காலத்துச் செப்புக்காசு அரிசியை இழுக்கும், அதற்குக் கோடிகள் கிடைக்கும் என்று சொல்வோர் ஏமாற்றுவோரே. அஸ்திவாரம் தோண்டும்போது புதையல் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு நல்ல காசைக் காட்டிவிட்டுப் பித்தளைக் காசுகளை விற்பதும் பழைய தந்திரம். நீர்த் தம்ளரும் தராசும் உங்களுக்குத் துணை.

காசைப் புளியாலோ மெருகுப் பொடியாலோ துலக்காதீர்கள். வளையம் வைத்துப் பற்றவும் வேண்டாம். இரண்டும் சேகரிப்பு மதிப்பைக் குறைக்கும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். யாரிடமிருந்து, எப்போது, எப்படி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் காசுடன் வையுங்கள். அந்தத் தாளைப் போட்டி வணிகர் எவராலும் செய்து தர முடியாது.

சட்டத்தையும் அறிந்திருப்பது நன்று. தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் 1972 இன்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணுக்குள் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைப்பவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தெரிவித்தவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. உரியவர் எவரும் இல்லையென்றால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நில உரிமையாளருக்கு ஒரு பங்கும் சேரும். அரசு அதை எடுத்துக் கொண்டாலும், உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயச் சேகரிப்பில் இவ்வாறு புதையலாகக் கிடைத்து வந்தவை பல. அதன் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890 இலேயே கம்பெனி நாணயங்களின் வரலாற்றையும் பட்டியலையும் நூலாக்கினார். மாணவர்கள் ஒருமுறை சென்று பார்க்க வேண்டிய இடம் அது.

அடுத்த முறை நாளிதழில் சவரன் விலையைப் பார்க்கும்போது, அது 15 ரூபாய்க்குச் செல்லுபடியான ஒரு காசின் எடை என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அந்தக் காசே இருக்குமானால், அதை விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் உரிமை, உங்கள் தேவை. எதைச் செய்தாலும் அதற்கு முன் இரு பக்கமும் படம் எடுத்து, ஆண்டையும் எழுத்தையும் குறித்து வையுங்கள். உருகிய பிறகு அதைச் சொல்ல எந்தக் கருவியாலும் இயலாது.